உதைக்காத உதையக்கா

உலகத்திலேயே உதை வாங்குவதற்காக ஆட்கள் பழத்தட்டோடு வந்து வரிசையில் நிற்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது அரியலூரில் எங்கள் தெருவில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனா என்று கேட்காதீர்கள். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாளின் வீடு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஊருக்கு அவர் உதையக்கா.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டால் தைலம் தேய்ப்பார்கள், அல்லது டாக்டரிடம் போவார்கள். இரண்டுக்கும் முன்னால், இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைத் தேடிப் போவார்கள். அவர் முன்னால் குப்புறப் படுத்து, பிடித்த இடத்தில் காலால் லேசாக ஓர் உதை வாங்கிக்கொண்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பிக்கை. அக்காவுக்கு முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரே பிரசவத்தில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். செய்தி தெரிந்து முதலில் ஓடி வந்தவர்கள் குழந்தைகளைப் பார்க்க வரவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"பச்ச ஒடம்போட படுத்துக் கெடக்கேன் தம்பி. ஒருத்தரு வந்து கட்டிலுக்குப் பக்கத்துல குப்புறப் படுத்துக்கிட்டு, 'அக்கா, எந்திரிக்க வேணாம், காலை மட்டும் கீழ வுடுங்க'ங்குறாரு!" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

இதில் அதிசயம் என்னவென்றால், இத்தனை வருடத்தில், இத்தனை பேர் வந்தும், உதையக்கா ஒருவரைக்கூட உதைத்ததில்லை. வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் குணமாகிப் போனார்கள் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆளைப் பார்த்தால் மறக்க முடியாது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் சேலை. அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. மற்ற பெண்கள் கைப்பை மாட்டிக்கொள்வது போல இடது முழங்கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். கல்யாணத்துக்குப் போனாலும் ஸ்டூல், ரேஷன் கடைக்குப் போனாலும் ஸ்டூல். ஒருமுறை அரியலூர் ஸ்டேஷனில் திருச்சி ரயிலுக்காகக் காத்திருந்தபோது, பிளாட்பாரத்தில் பெஞ்சுகள் காலியாக இருக்க, அவர் தன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "அது ரொம்பப் பள்ளம் தம்பி, உக்காந்தா எந்திரிக்கறதுக்கு இன்னொரு ரயிலு வரணும்" என்றார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். பகல் முழுக்க நாற்காலியில் குனிந்து கிடப்பேன், சாயங்காலம் சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுது போட்ட ரோட்டில் பைக்கில் வீட்டுக்கு வருவேன். இடுப்பு எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஒருநாள் வலித்தது, பிறகு தினமும் வலித்தது, பிறகு வலிக்காத நாளே இல்லை என்றாகிவிட்டது. திருச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல, ஆபரேஷன் வேண்டாம். ஆனா இது சட்டுன்னு போற வலி இல்ல. தினம் கொஞ்சம் நடங்க, சொல்லித் தர்ற பயிற்சியைச் செய்யுங்க" என்றார். இதில் ‘போற வலி இல்ல’ என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து நான் கண்ணாடிச் சாமான் ஆகிவிட்டேன். கீழே விழுந்த பேனாவை எடுக்க மாட்டேன். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிடுவேன். அவள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னை உதையக்கா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் போனபோது வாசலில் ஏற்கெனவே ஒருவர் குப்புறக் கிடந்தார். ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி. நல்ல கனத்த உடம்பு. காரில் வந்து இறங்கி, சட்டையைக் கழற்றி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் படுத்துவிட்டிருக்கிறார். அவர் படுத்த இடத்தில் அக்கா அப்போதுதான் போட்டு முடித்த புள்ளிக்கோலம் இருந்தது.

"ஒதைங்கக்கா! ரெண்டு நாளாத் தூக்கமில்ல!"

"மொதல்ல எந்திரிங்க. கோலத்து மேல படுத்திருக்கீங்க."

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏன்க்கா இங்க வரேன்? அதுக்குத்தானே ஒதைக்கச் சொல்றேன்!"

அக்கா அவர் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நூறு பெண்களைக் காலையில் எழுப்பிப் பழகிய அந்தக் குரலில் ஆரம்பித்தார். "கை காலு மரத்துப் போயிருக்கா? இல்லல்ல? சரி. அப்படியே ஒருக்களிச்சுப் படுங்க. இடுப்பை மட்டும் முறுக்கக் கூடாது, மூட்டை உருளுற மாதிரி மொத்தமா உருளணும். ஆங்... முட்டியை மடக்குங்க. கையை ஊணுங்க. இப்ப முட்டி போட்டு இந்த ஸ்டூலைப் புடிச்சிக்கிட்டு எந்திரிங்க. மூச்சை ஏன் அடக்குறீங்க? வுடுங்க, வுடுங்க!"

முந்திரி வியாபாரி எழுந்து நின்றார். அவர் வயிற்றில் மொத்தக் கோலமும் அச்சாகப் பதிந்திருந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"எந்திரிச்சிட்டேன்! ஒதைக்காமயே எந்திரிச்சிட்டேன்!" என்று கத்தினார் அவர்.

"ஒதை எங்க போவுது? நாளைலேருந்து ஒரு வாரம் காலைல கிரவுண்டுக்கு வந்து மெதுவா நடங்க. அப்பறமும் புடிப்பு இருந்தா வாங்க, ஒதைக்கிறேன்" என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். "இவருக்கென்ன?"

"இவரையும் நல்லா ஒதைங்கக்கா" என்றாள் என் மனைவி. அந்த ‘நல்லா’வில் இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை.

வியாபாரி அரியலூரில் மச்சான் வீட்டில் தங்கி ஒரு வாரம் நடந்தார். பிடிப்பு போயே போய்விட்டது. இந்த மாதிரித் திடீர்ப் பிடிப்பு முக்கால்வாசி தானாக விடுகிற ரகம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் ஆண்டிமடம் போய் என்ன சொன்னார் தெரியுமா? "என்னா ஒதைங்குறீங்க! ஒரே ஒதை!" என்று சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் மைதானத்தைச் சுற்றினேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். இப்படி ஒவ்வொருவரும் வாங்காத உதையின் பெருமையை ஊர் ஊராகப் பேசப் பேச, வரிசை வளர்ந்துகொண்டே போயிற்று. அக்கா வீட்டில் முந்திரிப்பருப்பும் வாழைப்பழமும் தின்று மாளவில்லை.

என் கதை அப்படி ஒரு வாரத்தில் முடிகிற கதை இல்லை. என்னைப் போல வலியோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் மைதானத்தில் நிரந்தரமாக அக்காவோடு தங்கிவிட்டோம். காலையில் அங்கே போனால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அட்டெண்டன்ஸ் எடுப்பார். யாரும் ‘உள்ளேன்’ என்று சொல்லக் கூடாது. வலியைச் சொல்ல வேண்டும்.

"கடுகடுவா? சுருக்கா? மதமதவா?"

இவை அவர் அகராதியின் மூன்று சொற்கள். கடுகடுவென்று கடுத்தால் பழைய வலி, பழகிய வலி. வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடக்கலாம். சுருக்கென்று குத்தினால் அந்த இடத்திலேயே நின்று உட்கார வேண்டும். தணிந்தால் மெதுவாக எழலாம், தணியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மதமதவென்று மரத்துப்போனாலோ, கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றாலோ, நடையும் கிடையாது, உதையும் கிடையாது, நேரே டாக்டர். "இது என் சொந்தச் சரக்கு இல்ல தம்பி. ஆஸ்பத்திரில பிசியோ பொண்ணு ஒண்ணு பொறுமையா உக்காந்து சொல்லிக் குடுத்துச்சு. வலிக்குதுன்னாலே உள்ள எதோ ஒடையுதுன்னு அர்த்தமில்லியாம். ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் நெனச்சு, வலிச்சாலே படுத்துக்குவேன். அது இங்கிலீஷுல சொன்னதை நான் நம்ம வாயில மாத்திக்கிட்டேன்" என்பார்.

இந்த மூன்று சொற்களும் எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. மைதானத்து வாசலில் இருக்கிற டீக்கடைக்காரர், நாங்கள் "இன்னைக்குக் கடுகடுங்க", "எனக்கு லேசா சுருக்குங்க" என்று பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, அதெல்லாம் இஞ்சி டீ வகைகள் என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் புதிதாக வந்த ஒருவரிடம், "நம்மகிட்ட கடுகடுவும் இருக்கு, சுருக்கும் இருக்கு, எது போட?" என்று கேட்டாராம். நானே திருச்சி டாக்டரிடம் மறுபடி போனபோது, எப்படி இருக்கிறது என்ற அவர் கேள்விக்கு, "கடுகடு சார், சுருக்கு சுத்தமா இல்ல" என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் விழித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரம்பலூர்க்காரர், "உதையக்கா ஆளுங்களா நீங்க?" என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எனக்கு அந்தப் பொல்லாத நாள் வந்தது. காலையில் கண் விழிக்கிறேன், வலி இல்லை! திரும்பிப் படுக்கிறேன், இல்லை! குனிந்து பார்க்கிறேன், இல்லவே இல்லை! எனக்கு ஏற்பட்ட குஷியை எப்படிச் சொல்வது? தினமும் நடக்கிற இரண்டு சுற்றுக்குப் பதிலாகக் கணக்கில்லாமல் சுற்றினேன். கடைசியில் ஓடினேன். கடைக்குப் போய்ப் பேப்பர் பண்டல்களையெல்லாம் தூக்கி இடம் மாற்றினேன். வீட்டுக்கு வந்து பரணில் ஏறி, மனைவி வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பழைய பாத்திரங்களை இறக்கினேன். அவளுக்கே என் மேல் புது மரியாதை வந்துவிட்டது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போவது சென்னைக்குப் போகிற தூரமாக இருந்தது.

செய்தி கேட்டு அக்கா ஸ்டூலோடு வீட்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நேத்து நல்ல நாளா தம்பி?"

"ஆமாக்கா."

"ஐயோ பாவம்" என்றார், உண்மையான துக்கத்தோடு. "வலிக்கிற நாளு நம்மளை ஒண்ணும் பண்ணாது தம்பி, நாம பயந்துக்கிட்டு ஒழுங்கா இருப்போம். நல்ல நாளுதான் ஏமாத்திப்புடும். வலி இல்லியா, சந்தோசம், அதே ரெண்டு சுத்து. வலிக்குதா, அரைச் சுத்து. ஒண்ணுமே முடியலியா, வூட்டு வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க. சுத்தமாப் படுக்கறதும் வேணாம், குஷி வந்து ஓடறதும் வேணாம். கூட்டணும்னா பிசியோவைக் கேட்டுக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமா கூட்டிக்கலாம்."

வலியில் எனக்கு எரிச்சல் வந்தது. "இதெல்லாம் சரிக்கா. ஒரே ஒரு ஒதை ஒதைச்சுத்தான் பாருங்களேன்" என்றேன்.

அக்கா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னால காலைத் தூக்க முடியாது தம்பி."

"என்னது?"

"ரெட்டைப்புள்ளையச் சொமந்த நாள்லேருந்து இந்த இடுப்பு இப்படித்தான். இடது காலைத் தூக்குனா அப்படியே புடிச்சிக்கும். மொத மொத கட்டிலுக்குப் பக்கத்துல ஒருத்தரு வந்து படுத்தாரே, பாவமேன்னு எந்திரிச்சு நின்னு காலைத் தூக்குனேன். அவ்வளவுதான், கால் அவரு மேல படறதுக்குள்ள நான் தொபுக்கடீர்னு வுழுந்துட்டேன். கீழ கெடந்தவரு துள்ளி எந்திரிச்சு என்னையத் தூக்கிக் கட்டில்ல படுக்க வச்சாரு. பயத்துலயே அவருக்குப் புடிப்பு வுட்டுப் போச்சு. போயி ஊரு பூராச் சொல்லிட்டாரு."

நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிய்த்துக்கொண்டது. அழுதுகொண்டே சிரித்தேன். "வெளிய சொன்னீங்க, நெசமாவே ஒதைப்பேன்" என்றார் அக்கா. எப்படி என்று நான் கேட்கவில்லை. இப்போது மட்டும் எழுதுகிறாயே என்று நீங்கள் கேட்கலாம். அக்காவே எழுதச் சொல்லிவிட்டார். வரிசை கொஞ்சம் குறையட்டும் என்கிறார்.

இப்படி ஊருக்கெல்லாம் வலியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொடுத்த மனுஷிக்கு ஒரு பெரிய கோளாறு இருந்தது. பெங்களூரில் வேலையில் இருக்கும் தன் இரண்டு பெண்களிடமும் அவர் அந்த அகராதியைப் பிரித்ததே இல்லை. அவர்களிடம் பேச அவருக்கு ஒரே ஒரு சொல்தான் உண்டு. நடந்துகொண்டிருக்கும்போது போன் வரும். சுருக்கென்று குத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், முகம் வெளுத்திருக்கும். போனை எடுத்து, "நல்லாருக்கேன்டி!" என்று கணீரென்று சொல்வார். கட்டிலில் கிடந்தாலும் அதே "நல்லாருக்கேன்டி!" ஏன்க்கா இப்படி என்று கேட்டால், "அதுங்க அங்க வேலையைப் பாக்க வேணாமா?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

ஒரு தீபாவளிக்குப் பெண்கள் வருவதாகச் சொன்னார்கள். அக்கா வீடு முழுக்க ஒட்டடை அடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, முறுக்கு அதிரசம் என்று நின்று நின்று சுட்டுத் தள்ளினார். வந்தவர்களிடம் இரண்டு நாளும் சிரித்துக்கொண்டே நடமாடினார். அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் விழுந்தார். போன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. காலையில் மைதானத்துக்கு அக்கா வரவில்லை என்று நாங்கள் போய்க் கதவைத் தட்டி, பின்பக்கமாக உள்ளே போய்ப் பார்த்தபோது சமையலறைத் தரையில் கிடந்தார். எங்களைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்." அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பெண்கள் முடிவெடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு வந்து வீட்டைப் பூட்டி அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போவது. அங்கே பதினோராவது மாடி. லிஃப்ட் உண்டு, ஏசி உண்டு, அம்மா எழுந்து நடக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கடைசி வரியை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா ஸ்டூலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நடக்க வேணாங்குறாங்க தம்பி. நடக்கலன்னா நான் ஒரே மாசத்துல கட்டிலோட போயிடுவேன். அதுங்களுக்குப் புரியல. இந்த வூடு, இந்த கிரவுண்டு, நீங்கல்லாம் இல்லாம நான் அங்க என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. எங்கள் பகுதியில் காலை நடை போகிறவர்கள் சேர்ந்து பொங்கல் விளையாட்டு விழா நடத்துகிறார்கள். அறுபது தாண்டிய பெண்களுக்கு ஒரு சுற்று நடைப்போட்டி. முதல் பரிசு எவர்சில்வர் அண்டா. அக்காவின் கண்கள் பளிச்சென்றன. உடனே போனைப் போட்டார். "டீ, பொங்கலன்னைக்குக் கிரவுண்டுக்கு வாங்க. நான் நடக்கறதைப் பாருங்க. பாத்துட்டு அப்பறம் பூட்டைத் தேடுங்க!" பிசியோவிடம் கேட்டதற்கு, ஒரு சுற்று உங்களுக்குப் பழக்கம்தான், நடக்கலாம், வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தார்.

பொங்கலன்று மைதானத்தில் ஜே ஜே என்று கூட்டம். ஆண்டிமடம் வியாபாரி குடும்பத்தோடு வந்துவிட்டார். அக்காவின் இரண்டு பெண்களும் பந்தயம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி முகத்தில் ஒரே மாதிரிக் கவலையோடு நின்றார்கள். மைக் செட் போட்டவரே வர்ணனையும் செய்தார். விசில் ஊதினார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வயலில் நடந்து உரமேறிய கால்கள். அவருக்கும் அக்காவுக்கும்தான் போட்டி என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது.

"அன்பார்ந்த பொதுமக்களே! உதையக்கா அவர்கள் முன்னிலை! அவரிடம் உதை வாங்கிக் குணமானவர்கள் அனைவரும் பலத்த கரகோஷம் எழுப்பவும்!"

ஒருவர்கூட உதை வாங்கியதில்லை. மைதானமே அதிரும்படி கைதட்டினார்கள். வியாபாரி இரண்டு கையையும் தூக்கித் தட்டினார்.

கிளிப்பச்சைச் சேலை பறந்து வருகிறது. வெள்ளை ஷூ தடதடவென்று விழுகிறது. எனக்கு முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது: இது அக்காவின் வேகமே இல்லை! பெண்கள் நிற்கிற திசையைப் பார்த்தபடி, அவர் தன் வாழ்நாளில் நடக்காத வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறார். "அக்கா, மெதுவா! மெதுவா!" என்று நான் கத்தியது, "விடாதீங்க! விடாதீங்க!" என்ற கூச்சலில் அமுங்கிப்போயிற்று. கடைசி வளைவு திரும்பினார். கோடு இதோ, கைக்கெட்டும் தூரத்தில். விக்கிரமங்கலத்து அம்மா நன்றாகப் பின்தங்கிவிட்டார். அண்டா அக்காவுக்குத்தான். வீடும் அக்காவுக்குத்தான்.

அங்கே அக்காவின் கை இடுப்புக்குப் போனது.

எங்கள் கும்பலுக்கு அந்தக் கை தெரியும். நாங்கள் கப்சிப் ஆனோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் அடங்கினார்கள். அக்கா இன்னும் ஓர் அடி வைத்தார். முகம் கோணியது. பெண்களைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போனால் போதும். அதைச் செய்யக்கூடியவர்தான் அவர், தீபாவளி முழுக்கச் செய்து காட்டியவர். அப்படிச் செய்துவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"சுருக்கு!" என்று கத்தினார் அக்கா, மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "தம்பி! ஸ்டூலைக் கொண்டாங்க!"

நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் இடுப்பு என்னைத் திட்டியது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினேன். கோட்டுக்கு இந்தப் பக்கம், பந்தயப் பாதையின் நட்டநடுவில் அக்கா உட்கார்ந்தார். விக்கிரமங்கலத்து அம்மா வந்து பதறிப்போய் நின்றார். "என்னங்க ஆச்சு?" "ஒண்ணுமில்ல, நீ போ, அண்டா ஒனக்குத்தான்" என்று அவரை அனுப்பிவைத்தார். "அக்கா அவர்கள் ஏன் அமர்ந்திருக்கிறார் என்பது விளங்கவில்லை!" என்றது மைக்.

பெண்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். பெரியவள் கண் கலங்கியிருந்தாள். அக்கா அவளைப் பேசவிடாமல் கையைக் காட்டினார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார், மறுபடி இழுத்து விட்டார். நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டோம். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"கடுகடுவுக்கு எறங்கிடுச்சு."

மெதுவாக எழுந்தார். எல்லோரும் போய் முடித்துவிட்ட பாதையில், தன் சொந்த வேகத்தில், கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினார். முதல் பரிசுக்குக்கூட யாரும் அப்படிக் கைதட்டவில்லை. அக்கா எதையும் கவனிக்கவில்லை. பெண்களுக்கு முன்னால் போய், பரீட்சையில் தோற்ற ஹாஸ்டல் பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஜெயிச்சுக் காட்டணும்னுதான் நெனச்சேன்டி. முடியல. வலிக்குது. நெதமும் வலிக்குது. சரி, எப்ப கெளம்பணும் சொல்லுங்க."

பெரியவளும் சின்னவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள்தான் பேசினாள்.

"ஒனக்கு வலிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? நாங்க பொறந்ததுலேருந்து பாக்குறோம். வலிக்குதுன்னு நீ சொன்னதே இல்ல, அதுக்குத்தான் பயந்தோம். போன்ல நீ நல்லாருக்கேன்னு சொல்றப்பல்லாம், தரையில கெடந்துக்கிட்டுதான் சொல்றியோன்னு தூக்கம் வராது."

"இன்னைக்குப் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஜெயிச்சிருந்தீன்னா, நாளைக்கே கூட்டிட்டுப் போயிருப்போம்" என்றாள் பெரியவள். "இவ்வளவு பேரு முன்னாடி ஒனக்கு உக்காரத் தெரியுதுல்ல. இங்கயே இரும்மா."

வார்டன் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆண்டிமடம் வியாபாரியும் அழுதார். அவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனாலும் அழுதார்.

பெண்கள் பெங்களூருக்குத் திரும்பிப் போனார்கள், பூட்டு வாங்கவில்லை. அக்காவுக்கு இன்னும் வலி இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, அது போகிற வலி இல்லை என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் இப்போதெல்லாம் அக்காவைவிட வேகமாக நடக்கக்கூடியவன். ஆனாலும் காலையில் அவர் கூடவே, அவர் நடக்கிற வேகத்திலேயே நடக்கிறேன். வேறொன்றுமில்லை, அவரில்லாமல் அந்த மைதானத்தைச் சுற்ற எனக்கு மனசு வரவில்லை.